கொட்டாஞ்சேனை வீட்டின் உள்ளறை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, கொழும்புத் துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் குறையத் தொடங்கியிருந்த காலம். நான் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வீடு பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தேன். கொழும்பில் வாடகை வீடுகள் வைத்திருந்தவர்கள் அவற்றின் மேற்பார்வையை எங்களிடம் விட்டிருந்தார்கள். கூரை, சுவர், கிணறு, கக்கூசு, வடிகால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எது உறுதி, எது பழுது, எதை உடனே திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை.

பார்க்க முடியாத இடம் ஒன்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும். திறப்புத் தொலைந்த அறை, மூட்டை அடுக்கி மறைத்த சுவர், ஆள் நுழைய முடியாத பரண், குளிக்காமல் காலடி வைக்கக் கூடாத சாமியறை. அவற்றைப் பார்த்ததாக எழுதுவது பிழை. பார்க்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்வதும் பிழைதான் என்பது என் எண்ணம். ஏன் பார்க்க முடியவில்லை, வெளியிலிருந்து என்ன தெரிகிறது, பார்ப்பதற்கு என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து எழுதுவேன். மூடிய கதவுக்கு இத்தனை வசனம் வேண்டுமா என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

அப்போது நான் வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் ஓர் அறையில் தனியே இருந்தேன். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. காரியங்கள் முடிந்த கையோடு வேலைக்குத் திரும்பிவிட்டேன். மேலதிகாரி என் தோளில் கை வைத்து, வேலை செய்தால் மனம் ஆறும் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால், வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று எவரும் என்னிடம் சொல்லவில்லை. பகல் முழுவதும் பிறர் வீடுகளுக்குள் நடந்தேன். அவர்கள் படுக்கும் அறைகளையும் உடுப்புத் தொங்கும் கொடிகளையும் அடுப்படிப் புகையையும் பார்த்தேன். ஒரு வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. மாலையில் கடைச் சாப்பாடு. பிறகு நாட்குறிப்பு. பிறகு, ஜன்னலுக்கு அப்பால் தண்டவாளமும் கடலும்.

கொட்டாஞ்சேனை வீட்டைப் பார்க்கச் சொல்லி அதன் சொந்தக்காரர் நேரில் வந்தார். அவரும் வெள்ளவத்தையில் இருந்தவர். என்னை முன்பே தெரியும். அந்த வீட்டில் சோனக முஸ்லிம் குடும்பமொன்று நெடுநாளாக வாடகைக்கு இருந்தது. வாடகைச் சட்டம் வந்த பிறகு குடியிருப்பவர்களை இலகுவில் எழுப்ப முடியாது. வீடு ஆபத்தானது என்று எழுதப்பட்டால் முடியும். துறைமுகத்துக்குக் கிட்ட என்பதால் அதைக் கிட்டங்கியாக்கி, கப்பலில் வரும் சாமான் வைக்கக் கொடுக்கலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. அதை அவர் ஒளிக்கவும் இல்லை.

"தம்பி, பொய் எழுதச் சொல்லேல்லை. கூரை வளைஞ்சு கிடக்குது, ஒழுங்கையில நிண்டே பாக்கலாம். உள்ளதை எழுதும். மழைக்கு முன்னம் எழுதும்," என்றார்.

அவர் சொன்னது உண்மை. கிட்டங்கித் தெருப் பக்கத்திலிருந்து அந்த ஒழுங்கைக்குள் திரும்பியதுமே முகடு நடுவில் தாழ்ந்திருப்பது தெரிந்தது. கதவைத் திறந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருந்த அவருடைய அண்ணன் இரண்டு மாதத்துக்கு முன் இறந்துபோயிருந்தார். கடையை இப்போது இவர் பார்த்துக்கொண்டிருந்தார். முன் மண்டபத்தைக் காட்டினார். அடுக்களையையும் முற்றத்தையும் காட்டினார். சுவர்கள் உறுதி. கிணற்றுக்கட்டு உறுதி. மண்டபத்துக்கும் அடுக்களைக்கும் இடையில் ஒரு கதவு மூடியிருந்தது. அதன் முன் தடித்த வெள்ளைத் திரை தொங்கியது. முகடு தாழ்ந்திருந்தது சரியாக அந்த அறைக்கு மேலே.

நான் அதை நோக்கி நடந்ததும் அவர் குறுக்கே வந்தார்.

"ஐயா, மத்த எல்லாம் பாருங்க. அது மட்டும் ஏலா. மதினி இத்தால ஈக்கிறா."

கணவர் இறந்த பின் சோனகப் பெண்கள் இத்தா என்று சில மாதங்கள் உள்ளறையில் இருப்பார்கள் என்பதும் அந்நிய ஆண்களின் கண்ணில் படமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கணவரின் தம்பியும் அந்நியர்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்தும், அண்ணன் இறந்த நாளிலிருந்து அவர் அந்த அறையின் வாசலைத் தாண்டவில்லை. உள்ளே போய் வருபவர் மதினியின் மூத்த சகோதரி மட்டும். பேருவளையிலிருந்து துணைக்கு வந்திருந்தார்.

அறையை இன்னொரு நாள் பார்க்கலாமா என்றேன். இத்தா முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தது. அதற்குள் பருவமழை தொடங்கிவிடும். அந்த அறையின் கீழ் அந்தப் பெண் இராப்பகலாக இருக்கிறார். முகடு ஏன் தாழ்ந்திருக்கிறது என்று தெரியாமல் நான் திரும்பிப் போக முடியாது. இதை அவரிடம் சொன்னேன். அவர் திரைப் பக்கம் போய் மூத்த சகோதரியைக் கூப்பிட்டு, தலையைக் குனிந்தபடி விஷயத்தைச் சொன்னார்.

அந்த அறைக்குச் சீலிங் இல்லை; கீழிருந்தே உத்தரம் தெரியும் என்றார்கள். ஆனபடியால் நான் ஒரு வழி யோசித்தேன். என்னிடம் மரத்தைக் குத்திப் பார்க்கும் ஊசி ஒன்று இருந்தது, மரப்பிடி போட்டது. அதை ஒரு நீண்ட கம்பில் கட்டிக் கொடுத்தேன். மூத்த சகோதரிக்கு முழங்கால் வருத்தம். நாற்காலியில் ஏற முடியாது. அதனால் குத்திப் பார்க்க வேண்டியவர் உள்ளே இருந்தவர்தான். நான் மண்டபத்தில் சுவரோடு நின்று கேள்விகளைச் சொன்னேன். திரைக்கும் கதவுக்கும் இடையில் மூத்த சகோதரி நின்று அவற்றை உள்ளே சொன்னார். பதில் அவர் வாயால் வெளியே வந்தது. உள்ளே இருந்தவரின் குரல் எனக்குக் கேட்கவில்லை.

முதலில் தட்டச் சொன்னேன். தட்டும் சத்தம் சுவர் வழியாக வந்தது. நடுவில் இறுகிய சத்தம். தெற்குச் சுவர்ப் பக்கம் போகப் போகச் சத்தம் செத்தது. மறுபடியும் அந்த இடத்தில் தட்டச் சொன்னேன். பிறகு குத்தச் சொன்னேன். ஊசி எவ்வளவு இறங்குகிறது, இழுக்கும்போது பிடிக்கிறதா, என்ன நிறத்தில் தூள் விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

மூத்த சகோதரி திரைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "வூடு பாக்க வந்தவரா, நோயாளி பாக்க வந்தவரா? உத்தரத்துக்கு நாக்கு ஈந்தா அதையும் நீட்டச் செல்லுவார் போல."

உள்ளே யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. மிகச் சிறிய சிரிப்பு, உடனே நின்றுவிட்டது. கணவரின் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த வீட்டில் இரண்டு மாதமாக எவரும் சிரித்திருக்கமாட்டார்கள் என்று அவர் முகத்திலிருந்து புரிந்தது.

கொஞ்சநேரத்தில் ஒரு கோப்பைத் தட்டில் விழுந்த தூளை வெளியே நீட்டினார்கள். கறையான் தின்ற மரம் காய்ந்த மண் மாதிரி உதிரும். இது கறுத்து, ஈரமாக, பழைய தேயிலைச் சக்கை போல இருந்தது. சுவருக்குள் போகும் நுனி நீர் குடித்து உக்கிக்கொண்டிருந்தது. நீர் எங்கிருந்து வருகிறது? பின்முற்றத்தில் ஏணி வைத்து ஏறி, அடுக்களைக் கூரை மட்டத்தில் நின்று பார்த்தேன். உள்ளறைக்கு மேலே ஓட்டின் மீது பெரிய தகரம் ஒன்று விரிக்கப்பட்டு, மேலே செங்கல் ஏற்றியிருந்தது.

"அது நான் போட்டது," என்றார் கீழே நின்ற கணவரின் தம்பி.

அந்த அறையின் கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அடுத்த வீட்டு மேல்மாடி ஜன்னலில் நிற்பவர்களுக்கு அதன் வழியே உள்ளே தெரியும் என்று அண்ணன் அடக்கமான மறுநாளே இவர் ஏறித் தகரத்தால் மூடியிருக்கிறார். ஜன்னல் இடுக்குகளைச் சீலையால் அடைத்தது போதாது என்று தோன்றியிருக்கிறது. தகரத்தின் மேல்விளிம்பை மேல்வரிசை ஓட்டின் கீழ் செருக வேண்டும். அவர் மேலேயே வைத்திருந்தார். இடையிடையே பெய்த மாலை மழை ஒவ்வொன்றும் தகரத்துக்கு அடியால் புகுந்து, சருகு தேங்கி, தெற்குச் சுவருக்குள் இறங்கியிருந்தது. முன்பே இளகியிருந்த நுனி இரண்டு மாதத்தில் நன்றாகக் குடித்துவிட்டது.

ஏணியிலிருந்து இறங்கியதும் இதை அவருக்கு விளங்கப்படுத்தினேன். தகரத்தை எடுத்தால் மேல்மாடியிலிருந்து தெரியுமே என்று மட்டும் மெல்லக் கேட்டார். கண்ணாடி ஓட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஓடு போடலாம் என்றேன். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்பது போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூத்த சகோதரி ஒன்று கேட்டார். அவர் தங்கச்சிக்காகக் கேட்டது. வீட்டை விட்டுப் போக வேண்டி வருமா?

உயிருக்குப் பயம் என்றால் போகலாம், குற்றமில்லை என்று பள்ளிவாசல் லெப்பை ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். போக விரும்பாதவர் அந்தப் பெண்தான். கணவர் இறந்த வீட்டில் இத்தாவை முடிக்க வேண்டும் என்பது அவருடைய பிடி. இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. மூத்த சகோதரி அதை அப்படியே சொன்னார்: "நாங்க ஒரு நாளைக்கு வெளிக்கிட்டா, வூட்டுக்காரர் பூட்டுப் போட்டுருவார். பொறகு வர ஏலா."

உக்கியது ஒரு நுனி மட்டும், அதை மாற்றினால் வீடு நிற்கும் என்று எழுதுவதாகச் சொன்னேன். அதுவரைக்கும் வடக்குச் சுவர் ஓரமாகப் படுக்கச் சொன்னேன். புறப்படும்போது திரைக்குள்ளிருந்து ஒரு கேள்வி வந்தது. வழக்கம்போல் மூத்த சகோதரியின் குரலில்.

"தங்கச்சி கேக்குறா, ஒங்களுக்கு வூட்டுல யாரு ஈக்கிற?"

"ஒருத்தருமில்லை," என்றேன். "மனுசி செத்துப்போனா."

பிறகு, "நீங்க எவ்வளவு நாள் உள்ளுக்கு இருந்த?" என்று வந்தது.

ஊசியைத் திரும்ப வாங்கவும் மறந்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அலுவலகத்தில் நான் எழுதியதை வீட்டுச் சொந்தக்காரர் வாசித்தார். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். காணாத அறையைக் கண்டதாக நீர் எப்படி எழுதுவீர், குத்தினது ஆர், உம்முடைய கையா, ஒரு பொம்பிளையின் கையா என்று கேட்டார். மேலதிகாரியும் அவர் பக்கம்தான் பேசினார். பிறர் கை பார்த்தது பரிசோதனை ஆகாது. ஒன்று நான் நேரில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கவில்லை என்று எழுத வேண்டும். கூரை தாழ்ந்த வீட்டில், தாழ்ந்த இடத்துக்குக் கீழுள்ள அறை பார்க்கப்படவில்லை என்று எழுதினால் அது வீடு ஆபத்து என்பதற்குச் சமம். நகரசபையில் அதை அப்படித்தான் எடுப்பார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அதுதான் கஷ்டம். இன்னொருவர் இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போய், வாசலில் நின்றபடியே சொன்னேன். நான் அறையைப் பார்த்தால்தான் அவர்கள் இருக்கலாம். பார்க்காவிட்டால் போக வேண்டியதுதான். கணவரின் தம்பி தலையைச் சொறிந்தார். திரைக்குள் போன மூத்த சகோதரி நெடுநேரம் வரவில்லை. வந்தபோது சிரித்தபடி வந்தார்.

"அறைதானே பாக்கணும், என்னைய இல்லியே எண்டு செல்லுறா."

அந்தப் பெண்ணின் யோசனை எளிமையானது. வீட்டை விட்டுத்தான் போகக் கூடாது. வீட்டுக்குள் இடம் மாறலாம். முன் மண்டபத்தைத் தனக்கு விட்டுத் தரச் சொன்னார். லெப்பையிடம் கேட்டார்கள், அவரும் அதில் ஒன்றுமில்லை என்றார். அடுத்த இரண்டு நாளில் வீடு முன்பின்னாக மாறியது. தெருக்கதவை உள்ளே தாழிட்டு, மண்டபத்து ஜன்னல்களுக்குச் சீலை கட்டி, வெள்ளைத் திரையை அங்கே கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள். கணவரின் தம்பி பாயைச் சுருட்டிக்கொண்டு கடையில் படுக்கப் போனார். வருபவர்கள் எல்லாரும் பின் ஒழுங்கையால், அடுக்களை வழியே வந்தார்கள். முதல் நாள் நான் தாராளமாக நடந்து அளந்த மண்டபம் இப்போது போகக் கூடாத இடம். மூடியிருந்த கதவு திறந்து கிடந்தது.

தனியாகத்தான் உள்ளே போனேன். எத்தனையோ அறைகளை அப்படிப் பார்த்தவன். ஆனால், வாசலில் சற்று நின்றேன். தகரம் எடுத்து, கண்ணாடி ஓடும் மாற்றியாகிவிட்டதால் அறை இருட்டு. விளக்கு ஏற்றச் சொன்னேன். ஒரு கட்டில், மெத்தையைச் சுருட்டியிருந்தார்கள். சுவர் ஆணியில் ஓர் ஆண்பிள்ளைச் சேர்ட்டு அப்படியே தொங்கியது. அதன் கழுத்துப்பட்டி வியர்வையில் மஞ்சளாகியிருந்தது, துவைக்கவில்லை. தொழுகைப்பாய் விரித்து எடுத்த இடத்தில் சீமெந்து மட்டும் பளபளப்பாக இருந்தது. வடக்குச் சுவர் ஓரம், நான் படுக்கச் சொன்ன இடத்தில், நிலத்தில் ஒரு தலையணை.

கட்டிலின் மேல் நாற்காலி போட்டு ஏறினேன். உத்தரம் பலா மரம், பழையது, நல்ல மரம். நான் கேட்டது தெற்கு நுனியில் குத்திப் பார்க்கத்தான். அதைச் சுற்றிக் குத்து அடையாளங்கள் இருந்தன. ஆனால், அடையாளங்கள் அதோடு நிற்கவில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டு விட்டு, நடுவரைக்கும், நடுவைத் தாண்டி வடக்கு நுனி வரைக்கும் ஊசி பதிந்திருந்தது. நான் போன பிறகு, எவரும் கேட்காமல், முழு உத்தரத்தையும் அவர் பார்த்திருக்கிறார். தான் படுத்திருப்பதற்கு மேலே இருப்பதைத் தானே அறிந்துகொண்டிருக்கிறார். அவர்கள் திருப்பித் தந்திருந்த ஊசியை எடுத்து என் கையாலும் அதே இடங்களில் குத்தினேன். அவர் கையில் இறங்கிய இடத்தில் என் கையிலும் ஊசி இறங்கியது. நின்ற இடத்தில் நின்றது.

நுனி உக்கல், இரண்டு முழம் வரை, மற்றது உறுதி. வீடு குடியிருக்கத் தகுந்தது. இப்படி எழுதிக் கையெழுத்து வைத்தேன். முன் மண்டபத்தைப் பற்றி, முதல் நாள் பார்த்தது என்று எழுதினேன். வீட்டுச் சொந்தக்காரர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு, மரம் நான் தாறன், வேலை அவை செய்யட்டும் என்றார். தோற்றதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. போகும்போது, "நீர் மழைக்கு முன்னம் எழுதினீர், அது சரி," என்று மட்டும் சொன்னார்.

பாஸ் என்று அழைக்கப்படும் மூத்த தச்சர் ஒருவரும் அவரோடு இரண்டு ஆட்களும் வந்தார்கள். உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, உக்கிய நுனியை வெட்டி, புது மரத்தைப் பொருத்தி, இரும்புப் பட்டையும் மரையாணியும் போட்டு இறுக்கினார்கள். வேலை நடந்த நாட்களில் நான் அலுவலகத்துக்குப் போகுமுன் அங்கே போய்ப் பார்த்தேன். அவ்வளவு அடிக்கடி பார்க்கத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். மூடிய மண்டபத்துக்குள்ளிருந்து சிலவேளை ஓதும் சத்தம் கேட்கும், மூத்த சகோதரியின் குரல். அடுக்களையில் எனக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி தருவார்கள். நின்றபடியே குடிப்பேன். ஒரு நாள் கணவரின் தம்பி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, இருங்க ஐயா என்றார். இருந்தேன்.

கடைசி நாள் பின்னேரம் முட்டுகளை எடுத்தார்கள். உத்தரம் ஒரு முனகல் கூட இல்லாமல் பாரத்தை ஏற்றுக்கொண்டது. ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, அதன் நேர் கீழே நான் கொஞ்சநேரம் நின்றேன். வானம் கறுத்து வந்தது. அன்று இரவே மழை கொட்டும் போலிருந்தது.

"தங்கச்சி கேக்குறா," என்றார் மூத்த சகோதரி, மண்டபத்துத் திரைக்குப் பின்னாலிருந்து. "இண்டைக்கே உள்ளுக்குப் போகலாமாம்?"

"ஓம். போகலாம்."

"தெற்குப் பக்கம் படுக்கலாமாம்?"

"எங்கை வேணுமெண்டாலும் படுக்கலாம் எண்டு சொல்லுங்கோ."

மண்டபத்திலிருந்து உள்ளறைக்கு அந்தப் பெண் நடந்து போகும்போது வீட்டில் ஆண் எவரும் இருக்கக் கூடாது. அதனால் எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். பாஸ், அவருடைய ஆட்கள், கணவரின் தம்பி, நான். பின் ஒழுங்கையில், வீட்டுக்கு முதுகைக் காட்டி, எதிர்மதிலைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றோம். பாஸ் பீடியை எடுத்துப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மதிலில் பாசி பிடித்திருந்தது. முதல் துளிகள் விழுந்தன. பின்னால் ஒரு கதவு திறந்தது, பாய் இழுபடும் சத்தம், இன்னொரு கதவு மெல்ல மூடியது. இன்னும் கொஞ்சநேரம் நின்றோம். மூத்த சகோதரி உள்ளேயிருந்து அடுக்களைக் கதவைத் தட்டினார்.

பாஸ் கருவிகளை எடுக்க உள்ளே போனார், ஆட்கள் பின்னால் போனார்கள். கணவரின் தம்பி மண்டபத்துக்குத் தன் பாயை விரிக்கப் போனார். போகிறவர் திரும்பி, மழை விட்ட பிறகு போங்க ஐயா என்றார். எனக்கு உள்ளே வேலை ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு ட்ராம் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தேன்.